கரையாத கொழுப்பு

எனக்குக் கொழுப்பு அதிகம் என்று ஊத்துக்கோட்டையில் என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். எண்ணெய் மில் மேஸ்திரி சொன்னார். என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான்கு முறையாவது சொல்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எவனுக்கும் கைகட்டி நிற்காதவனைத்தானே அப்படிச் சொல்வார்கள்? அந்த வார்த்தைக்கு இருக்கிற இன்னொரு அர்த்தம் ஒரு சின்னக் குழந்தையின் ஈரலிலும் மண்ணீரலிலும் போய் அடைத்துக்கொள்ளும் என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. அதுவும் பாதிதான் தெரிந்தது. மீதியைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நான் கட்டிக்கொண்டது அக்காவின் மகளை. எங்கள் பக்கத்தில் அதில் ஒரு அதிசயமும் இல்லை, கட்டாமல் விட்டிருந்தால்தான் நாலு பேர் ஏன் என்று கேட்டிருப்பார்கள். அக்கா என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். அவளுக்குப் பெண் பிறந்த அன்றே "இது உனுக்குத்தான்டா" என்று என் மடியில் போட்டாளாம். அப்போது எனக்கு எட்டு வயது, பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். எல்லாப் பெண்டாட்டிகளும் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், உன் பெண்டாட்டி மட்டும் பொய் சொல்லாமல் கூப்பிடுகிறாள் என்று மில்லில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மில் என்றால் வேர்க்கடலை எண்ணெய் ஆட்டுகிற மில். சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் மூட்டை மூட்டையாகக் கடலை வந்து இறங்கும். எனக்கு டின் அடைக்கிற வேலை. எண்ணெயைத் தகர டின்னில் ஊற்றி மூடியை ஈயம் பற்றவைத்து அடைக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை எண்ணெய் மின்னும். எங்கள் தெரு நாய்களுக்குக்கூட நான் வருவது தெரு முனையிலேயே தெரிந்துவிடும்.

அறுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். எல்லைப் பக்கத்து வழக்கப்படி அவள் என்னை நைனா என்றாள். நடக்க ஆரம்பித்ததும் அவள் வயிறு கொஞ்சம் பெரிதாக இருப்பதைப் பார்த்தோம். முதலில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "வழி உடுங்கப்பா, எங்க ஊட்டு முதலாளி தொந்தியப் போட்டுகினு வர்றாரு" என்று நான் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பேன். அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவாள். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

மூன்று வயதில் கை காலெல்லாம் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் ஆனாள். வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்த்துக் குலைக்கட்டி என்றார். ஈரல் வீங்கிய குழந்தைகளுக்கு எல்லா வைத்தியரும் சொல்கிற பெயர் அது. ஒரு வருஷம் சூரணமும் லேகியமும் கொடுத்தோம். கட்டி அசையவில்லை. அதற்குப் பதிலாக மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. உடம்பில் அங்கங்கே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. ஒருநாள் அக்கா வந்து குழந்தையின் முதுகைப் பார்த்துவிட்டுத் தன் மகளிடம் பாய்ந்தாள்.

"புள்ளய அடிச்சியாடி? பெத்த புள்ளயப் போட்டு இப்டி அடிப்பியா?"

"நான் தொடலம்மா. தூக்கிக் குளிப்பாட்டுனாலே இப்டி ஆயிடுது" என்று என் மனைவி அழுதாள். அக்கா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுசாக நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தோளில் என் விரல்கள் அழுந்திய இடமெல்லாம் கன்றிப்போனபோதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அந்த வாரமே மூவரும் செங்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே சேர்த்துக்கொண்டு பதினைந்து நாள் வைத்திருந்தார்கள். இடுப்பு எலும்பில் ஊசி குத்தி உள்ளே இருக்கிற மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். பாப்பா போட்ட கூச்சலில் நான் வராந்தாவிலிருந்து இறங்கி ரோட்டுக்கே போய்விட்டேன். என் மனைவிதான் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கடைசியில் ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். என் வயதுதான் இருக்கும். பொறுமையாகத்தான் ஆரம்பித்தார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் குட்டியா ஒரு பை இருக்கு. வேண்டாததை எல்லாம் உடைச்சுக் கரைக்கிற இடம். கரைக்கறதுக்குன்னு அங்க என்சைம் என்சைமா இருக்கும். ஒரு வகைக் கொழுப்பைக் கரைக்கிற என்சைம் உங்க குழந்தைக்குப் பிறவியிலேயே சரியா இல்ல. அதனால அந்தக் கொழுப்பு கரையாம ஈரல்லயும் மண்ணீரல்லயும் எலும்புலயும் சேர்ந்துகிட்டே போகுது."

நோய்க்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் பெயர் சொன்னார். என் நாக்கில் அது புரளவில்லை. தலையாட்டினேன். அப்புறம் அவர் கேஸ் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"அக்கா மவ" என்றேன்.

"அதான்" என்றார்.

அந்த ஒரு சொல்தான். அவர் அதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காது அடைத்துவிட்டது. பதினைந்து நாளாகத் தூங்காத மனுஷன். என் அக்காவையும், என் பெண்டாட்டியையும், எங்கள் ரத்தத்தையும் ஒரே வார்த்தையில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது.

"இன்னாம்மா அதான்? எங்க ஊர்ல முக்காவாசிப் பேரு சொந்தத்துலதான் கட்டிகினு கீறாங்க. அவங்க புள்ளைங்கல்லாம் நல்லா ஓடி ஆடிகினுதான் கீது."

"நான் சொல்றத முழுசா கேளுங்க..."

"கேட்ட வரைக்கும் போதும்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். என் மனைவி பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். அடுத்த வாரம் கட்டாயம் வரச் சொல்லி டாக்டரம்மா குரல் கொடுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது கோபம் கொஞ்சம் இறங்கியதும் என்னிடம் மிஞ்சியிருந்தது இரண்டே வார்த்தைதான். கொழுப்பு கரையவில்லை. வீட்டில் காத்திருந்த அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். சொந்தத்தில் கட்டியதால் வந்ததாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அக்கா இரண்டாவதைக் காதிலேயே வாங்கவில்லை.

"கொழுப்புதானே? கரைச்சிட்டாப் போச்சு. இதுக்கா பதினஞ்சு நாளு படுக்க வெச்சாங்க?" என்றாள்.

கொழுப்பைக் கரைக்க என்ன வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கொள்ளு என்பார்கள். அக்கா வாழ்க்கைப்பட்டது ஆந்திரப் பக்கம். அங்கே கொள்ளை வேகவைத்து வடித்த தண்ணீரில் உலவசாறு வைப்பார்கள். மறுநாள் காலையிலிருந்து பாப்பாவுக்குப் பால் நின்றது, கொள்ளுத் தண்ணீர் வந்தது. எண்ணெய், நெய், தேங்காய், வேர்க்கடலை, மீன், முட்டை எல்லாம் நின்றன. கஞ்சியும், கொள்ளு ரசமும், வேகவைத்த கீரையும்தான் சாப்பாடு. என் மனைவி குழந்தைக்கு ஆசை வரக்கூடாது என்று எங்கள் சமையலிலும் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். எண்ணெய் மில்லில் வேலை செய்கிறவன் வீட்டில் கடுகு பொரிகிற சத்தம் கேட்கவில்லை.

கொள்ளு சூடு என்பது எல்லோருக்கும் தெரியும். மூக்கில் ரத்தம் வருகிற பிள்ளைக்கு அதைக் கொடுக்கிறோமே என்று ஒரு நிமிஷம் யோசித்தோம். யோசித்து, கூடவே வெந்தயத் தண்ணீரும் கொடுத்தோம். அவ்வளவுதான் எங்கள் புத்தி.

ஒரு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். முழங்கைக்குக் கீழே ஏதோ ஈரமாக ஊர்ந்தது. விழித்துப் பார்த்தால் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தாள். வேக வேகமாக, யாராவது பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போல நக்கினாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வாயிலேயே ஒரு அடி அடித்தேன். உதடு நீலமாகி வீங்கிப்போயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று அது வடிய.

அந்த இரண்டு வாரமும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். இனிமேல் கை நீட்டக்கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டேன். அடிக்காமல் எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று யோசித்து ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். என்னை நானே மெச்சிக்கொண்ட விஷயம் அது. சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் டீக்கடைக்குப் போவேன். சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "துன்றியா?" என்பேன். அவள் "வோணாம் நைனா" என்றால் தோளில் ஏற்றிக்கொண்டு, "எங்க பாப்பா மாதிரி யாருக்கு வரும்?" என்று பாடிக்கொண்டே கடைத்தெரு முழுக்க ஒரு சுற்று. முதல் சில நாட்கள் வடையைப் பார்த்து அழுதாள். அழுத நாட்களில் சுற்று கிடையாது, நேரே வீடு. பத்தே நாளில் பிடித்துக்கொண்டாள். நான் வடையைக் கையில் எடுக்கும்போதே "வோணாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். டீக்கடைக்காரர்கூட, "நாலு வயசுல இன்னா கட்டுப்பாடு பாரு" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அவள் மெலிந்துகொண்டே வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. நான் அதைப் பார்த்துக் கொழுப்பு கரைய ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அக்காவும் "சொன்னேன்ல?" என்றாள். என் மனைவி மட்டும் வாயைத் திறந்தாள்.

"மாமா, கையும் காலும்தான் கரையுது. வயிறு அப்டியே கீது. இன்னும் பெருசாகூட ஆயிகினு போவுது. ராவெல்லாம் கால் எலும்பு வலிக்குதுன்னு அழுவுறா. டாக்டராண்ட போலாம்."

"அந்தம்மாகிட்டயா? நம்மள ரத்தம் கெட்டவங்கன்னு சொன்னாளே, அவகிட்டயா?"

"உனுக்கு உன் கோவந்தான் பெருசு" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அம்மாவுக்கு ஏற்ற மகள்தான் என்று கத்திவிட்டு வெளியே போனேன்.

பத்தியம் தொடங்கிய ஏழாவது மாதம் ஒருநாள் நான் மில்லில் இருந்தபோது பாப்பாவுக்கு மூக்கில் ரத்தம் நிற்காமல் கொட்டியிருக்கிறது. என் மனைவி யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவில்லை. குழந்தையைப் புடவையில் சுற்றிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிவிட்டாள். அவள் பஸ் ஏறுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆள் வந்து சொன்னதும் ஈயக் கரண்டியை எறிந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழி முழுக்க என்னென்ன கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். பெண்டாட்டியை ஒரு கை, டாக்டரம்மாவை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனேன்.

மூக்கில் பஞ்சு அடைத்துப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் டாக்டரம்மா நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவர் கேட்டார்.

"இந்தக் குழந்தைக்குப் பாலும் எண்ணெயும் குடுக்கக்கூடாதுன்னு யார் சொன்னது?"

"நீங்கதாம்மா. கொழுப்பு கரையலன்னு நீங்கதானே சொன்னீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"அதைச் சொல்றதுக்குத்தான் உட்காரச் சொன்னேன், நீங்க எழுந்து போயிட்டீங்க" என்றார். "இது சாப்பாட்டுல இருக்கிற கொழுப்பு இல்லைங்க. நம்ம ரத்தத்துல இருக்கிற அணுக்கள் தினமும் பழசாகி உடையும். அந்த அணுவோட மேல்தோல்லயே ஒரு கொழுப்பு இருக்கு. அதுதான் இவளுக்குக் கரையல. நீங்க நெய்யா ஊத்தினாலும் இந்தக் கட்டி அதனால பெருசாகாது. பட்டினி போட்டாலும் சின்னதாகாது."

"அப்போ எதக் குடுத்தா கரையும்?"

"இன்னைக்கு நம்மகிட்ட எதுவும் இல்ல. ரத்தம் ஏத்தலாம், வலிக்கு மருந்து தரலாம். மண்ணீரலை எடுத்துடலாம், ஆனா அந்த ஆபரேஷனைத் தாங்கற தெம்பு இப்ப இவ உடம்புல இல்ல. ஆறு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா யோசிச்சிருப்போம். பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க."

அப்புறம், நான் அன்றைக்குக் கேட்காமல் வந்ததையும் சொன்னார். அந்தக் குறை எங்கள் இருவரிடமும் பாதிப் பாதி இருக்கிறது, எங்களுக்கு அது ஒன்றும் செய்யாது, இரண்டு பாதியும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால்தான் நோய். ஒரே ரத்தத்துக்குள் கட்டும்போது அப்படிச் சேர வாய்ப்பு அதிகம். எங்களுக்கு இனிமேல் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு பயம் உண்டு. தப்பு என்று அவர் யாரையும் சொல்லவில்லை. முதல் தடவையும் சொல்லியிருக்க மாட்டார். எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கடை. வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு வாங்கி ஊதி ஆற்றிப் பாப்பாவிடம் நீட்டினேன்.

"துன்னும்மா."

என் மனைவியின் இடுப்பிலிருந்த பாப்பா வடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "வோணாம் நைனா" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"இல்லடா கண்ணு, நெஜமாத்தான். துன்னலாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"வோணாம்" என்றாள் இன்னும் உறுதியாக. கையை இறக்கவில்லை. நான் தூக்கவில்லையே என்று அவள் முகம் மாற ஆரம்பித்தது. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, "வோணாம், வோணாம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். நடுரோட்டில் நின்று அழுதேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவிதான் வடையை என் கையிலிருந்து வாங்கினாள். தான் ஒரு வாய் கடித்தாள், கொஞ்சம் பிட்டு என் வாயில் திணித்தாள், பிறகு ஒரு துண்டைப் பாப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். பாப்பா என்னைப் பார்த்தாள். நான் வாய் நிறைய வடையோடு தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

மென்று விழுங்கினாள். இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவது துண்டுக்குத் தலையை ஆட்டிவிட்டாள். இந்த முறை விளையாட்டு இல்லை. "ரொம்பிடுச்சிம்மா" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மண்ணீரல் வளர்ந்து இரைப்பையை நசுக்கிவிட்டிருந்தது. இரண்டு வாய்க்கு மேல் அங்கே இடமில்லை.

அடுத்த மழைக்காலம் வரை இருந்தாள். அந்த மாதங்களில் கேட்டதும் கேட்காததும் வாங்கிக் கொடுத்தேன். பாலாடை, முட்டை, பழவேற்காட்டிலிருந்து இறால், நெய் ஒழுகும் பொங்கல். எல்லாவற்றிலும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்பாள். ஒரு மழைநாள் காலையில், மூக்கில் ரத்தம்கூட வராமல், காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அன்றைக்கு அவளுக்காகச் செய்த முட்டைக் குழம்பு அப்படியே இருந்தது.

அந்த என்சைமுக்குத் தமிழில் நொதி என்று பெயர், அணுவுக்குள் இருக்கும் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்து நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இப்போது அந்த நொதியையே செய்து ஊசியாக ஏற்றுகிறார்களாம், வயிறு சுருங்கிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களாம். நல்லது, போகட்டும். அந்த மருந்து அன்றைக்கு உலகத்திலேயே இல்லை, அதனால் அவளைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காக நான் என்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அவளால் சாப்பிட முடிந்த ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதமும் என் பிள்ளைக்குப் பசித்தது, நான் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.